ஆளில்லா விளக்கு

விசாரணைக் குழுவின் தீர்ப்பு பதினோரு பக்கம். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்தார். எதிரே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"என்ன போட்டிருக்கு?"

"பாராட்டியிருக்காங்க."

"பாப்பாவையா?"

"புஸ்தகத்தை."

கப்பலை ஓட்டும் மேல் அறைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அந்த அறையில் வழிகாட்டி நூல்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். எந்த முனையில் எந்த விளக்கு, எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு ஆழம், எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் இறங்கும் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. மூழ்கிய கப்பலில் அந்த நூல்கள் அனைத்தும் மாற்றங்களைச் சொல்லி அவ்வப்போது வரும் திருத்தச் சீட்டுகள் கடைசி வரை ஒட்டப்பட்டு, ஓரம் மடங்காமல் இருந்தன என்று உயிர்தப்பி வந்த கேப்டன் சாட்சி சொல்லியிருந்தார். குழு அதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்திருந்தது. சீட்டுகளை வெட்டி ஒட்டியவள் கப்பலின் செகண்ட் ஆபீசர். டிரைவரின் ஒரே மகள்.

அடுத்த பத்தி அவளைப் பற்றியது. "விளக்குப் பட்டியல் என்னும் நூலின்படி முனை விளக்கு பத்து வினாடிக்கு இருமுறை மின்னும், பதினான்கு கடல் மைல் தொலைவு தெரியும். அவ்வாறு தெரிந்துகொண்டிருந்த விளக்கைக் காணத் தவறியது பணியில் இருந்த செகண்ட் ஆபீசரின் கவனக்குறைவு. அன்னார் காலமாகிவிட்டபடியால் இம்முறை எச்சரிக்கையோடு விடப்படுகிறார்."

"இம்முறைன்னா?" என்று கேட்டாள் மனைவி.

டிரைவர் அந்த வரியை மறுபடி படித்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கப்பலில் சுக்கான் பிடித்தவன் வீட்டுக்கு வந்தான். இடது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அங்க விளக்கே எரியலைங்க ஐயா. சாயந்தரம், நல்ல மழை. ரேடாரும் பழசு, மழைன்னா பாதிதான் தெரியும். மேடம் கேப்டன்கிட்ட சொன்னாங்க, 'சார், முனை விளக்கு அணைஞ்சு கிடக்கு, போன தடவையே பாத்தேன், இப்பவே வலது பக்கம் திருப்பிடலாம்'னு. கேப்டன், 'திருத்தச் சீட்டு வந்திருக்கா?'ன்னாரு. 'வரலை சார், எழுதிப் போட்டிருக்கேன்'னாங்க. 'சீட்டு வரலைன்னா விளக்கு எரியுதுன்னு அர்த்தம். எரியிற விளக்கு இன்னும் கண்ணுல படலைன்னா, நாம இன்னும் முனைக்கு வரலைன்னு அர்த்தம். நேரா போ'ன்னுட்டாரு."

"அப்புறம்?"

"முனைக்கு வந்துட்டோம் ஐயா."

பாறை அடியில் கிழித்தது. கீழே மெஷின் ரூமில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைக் கூட்டிவர அவள் படியில் இறங்கினாள். மூன்று பேரும் மேலே வரவில்லை. மூன்று நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

டிரைவரின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இறங்கறதுக்கு முன்னாடி மழையில நனைஞ்சிருந்தாளாப்பா? அவளுக்கு ஈரம் ஒத்துக்காது. உடனே மூக்கடைச்சுக்கும்."

"இல்லம்மா. உள்ளதான் நின்னாங்க. காய்ஞ்சுதான் இருந்தாங்க."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் நிம்மதி ஆனவள் போல இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் டிரைவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

அவருக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்று பிடிபடவில்லை. அவர் ஓட்டிய ரூட்டில் பாலம் உடைந்தால், முதலில் பார்க்கிற டிரைவர் இறங்கி ஒரு மரக்கிளையை ஒடித்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் கிளையைப் பார்த்து நிறுத்துவான். கிளை போட்டது யார், எந்தத் தேதியில், யார் அனுமதியில் என்று ஒருவனும் கேட்டதில்லை. கடலில் மட்டும் ஏன் இப்படி?

கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார்.

கடல்வழி நூல் வெளியீட்டுத் துறை ஐந்து மாடிக் கட்டடம். துறையில் நானூறு பேர் வேலை செய்தார்கள். கடலைப் பார்த்தவர்கள் ஏழு பேர், அதிலும் மூன்று பேர் சுற்றுலா போனபோது பார்த்தவர்கள். தலைமைத் திருத்தாளரின் அறை நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. வெயில் பட்டால் நூல்களின் அட்டை வெளுத்துவிடும் என்று அவரே அடைக்கச் சொன்னாராம். நல்ல மனிதர். டிரைவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இழப்புக்கு வருந்தினார்.

"விளக்கு எரியலைங்க சார்," என்றார் டிரைவர்.

தலைமைத் திருத்தாளர் விளக்குப் பட்டியலை இறக்கி, பக்கம் புரட்டி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எரியுதே," என்றார்.

"சார், அங்க எரியலை."

"பெரியவரே, பொறுமையாக் கேளுங்க. கடல் இருக்கே, அது நிலையில்லாதது. மணல் நகரும், ஆழம் மாறும், விளக்கு எரியும், அணையும். அது பின்னாடியே ஒரு துறை ஓடிக்கிட்டிருக்க முடியுமா? அதுக்குத்தான் புஸ்தகம். கப்பக்காரனுக்கு நம்பிப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும்ல? நாங்க புஸ்தகத்தை அடிக்கடி மாத்தினா அவன் எதைத்தான் நம்புவான்? நான் இந்த நாற்காலியில பத்தொம்பது வருஷமா இருக்கேன். எங்க புஸ்தகத்துல இதுவரைக்கும் ஒரு விபத்து நடந்ததில்லை."

"என் பொண்ணு கப்பல்..."

"அது கடல்ல நடந்தது."

டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என் பொண்ணு முன்னாடியே எழுதிப் போட்டிருக்கா சார். விளக்கு அணைஞ்சிருக்குன்னு."

"அப்படியா? எழுதினா கட்டாயம் இருக்கும். எங்ககிட்ட எதுவும் தொலையாது. அதுதான் எங்க பெருமை."

உண்மைதான். தபால் பிரிவு எழுத்தரம்மா பத்தே நிமிஷத்தில் கோப்பை எடுத்துவிட்டாள். அதற்குள் மகளின் கையெழுத்து இருந்தது. வலது பக்கம் சாய்ந்த, அவசரமான எழுத்து. டிரைவர் அதைத் தொடலாமா என்று கேட்டார். எழுத்தரம்மா கோப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

முதல் தகவல் நீல மையில் இருந்தது. ஓரத்தில் சிவப்பு முத்திரை: "விதி ஒன்பதின்படி ஊதா மையில் எழுதப்படாத தகவல் தகவல் ஆகாது. திருப்புக." இரண்டாவது ஊதா மையில் இருந்தது.

அந்த மையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கடைசி லீவில் வந்தபோது கேட்டாள். நாலு கடை ஏறி இறங்கி ஒரு குப்பி வாங்கி வந்தார். எதுக்கும்மா இந்தக் கலர் என்றதற்கு, "நீலத்துல எழுதினா அவங்களுக்குக் கண்ணு தெரியாதாம்ப்பா" என்று சிரித்தாள். மேசையில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவரே தபாலில் சேர்த்தார்.

அந்தக் காகிதத்தின் கீழே தலைமைத் திருத்தாளரின் குறிப்பு: "தகவல் முறையாக உள்ளது. இரண்டாவது கப்பல் ஒன்றின் தனித்த உறுதிப்பாடு வரும்வரை நிலுவையில் வைக்கவும்."

டிரைவர் கோப்போடு மறுபடி நான்காவது மாடி ஏறினார்.

"அதான் கப்பலே மோதிடுச்சே சார். அதுக்கு மேல என்ன உறுதி வேணும்?"

தலைமைத் திருத்தாளர் இதை ஏற்கெனவே யோசித்திருந்தார். "நானும் உங்க கட்சிதான். மோதினதை உறுதிப்பாடா எடுத்துக்கலாமான்னு சட்டப் பிரிவுக்கே எழுதிக் கேட்டேன். என்ன பிரச்சினைன்னா, தகவல் கொடுத்ததும் அதே கப்பல், மோதினதும் அதே கப்பல். தனித்த உறுதிப்பாடுன்னா வேற கப்பலா இருக்கணும்."

"வேற கப்பல் ஒண்ணு மோதணுமா சார்?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்வேனா? எனக்கும் பிள்ளைங்க இருக்கு. விதி சொல்லுது."

வெளியே வரும்போது எழுத்தரம்மா படிக்கட்டில் நின்றிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "அந்த ரெண்டாவது லெட்டர் வந்தப்ப நான்தான் முத்திரை குத்தினேன். நல்ல கையெழுத்துன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன் ஐயா." பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

டிரைவர் மூன்று பஸ் மாறி அந்த முனைக்குப் போனார். ரோடு முடிகிற இடத்தில் வெள்ளைக் கோபுரம். அதன் கதவுப் படியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாவிக் கொத்தோடு உட்கார்ந்திருந்தார். விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர். இப்போது எதையும் பார்த்துக்கொள்ளாதவர்.

இன்னாருடைய அப்பா என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் இங்கதான் அண்ணே. பழைய புஸ்தகத்துல 'ஆளுள்ள விளக்கு'ன்னு போட்டிருக்கும். புதுப் பதிப்புல அச்சுப் பிழை, 'ஆளில்லா விளக்கு'ன்னு வந்துடுச்சு. சம்பளப் பிரிவுல அதைப் பாத்துட்டு, 'ஆளில்லாத இடத்துல யாருக்குய்யா சம்பளம் போகுது?'ன்னு கேட்டாங்க. அச்சுப் பிழைன்னு சொன்னேன். 'இருக்கலாம். புஸ்தகத்தைத் திருத்த ஒன்றரை வருஷம் ஆகும், உங்களை நிறுத்த ஒரு நாள் போதும்'னாங்க. நிறுத்திட்டாங்க."

"சாவி மட்டும் உங்ககிட்ட இருக்கே?"

"வாங்கிக்கச் சொன்னேன். இல்லாத ஆள்கிட்டேர்ந்து எப்படி வாங்கறதுன்னுட்டாங்க."

காவலரை நிறுத்திய மூன்றாம் மாதம் பல்பு போய்விட்டது. அதற்கு மேல் சொல்ல அவர் தயங்கினார். கோபுரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"மாத்துப் பல்பு உள்ளதான் இருக்கு அண்ணே. பெட்டியோட. சாவியும் என்கிட்டதான். ஏறிப் போய்த் திருகினா முடிஞ்சது, இருட்டினதும் விளக்கு தானா எரியும். நான் போகலை. இத்தனை வருஷம் உழைச்ச ஆளை இல்லைன்னு சொல்லிட்டாங்களே, ஆளில்லாமயே எரியட்டும் பாக்கலாம்னு ஒரு வீம்பு. உங்க பொண்ணு கப்பல் வந்த அன்னைக்கு நான் ஊருக்குள்ள சீட்டு ஆடிக்கிட்டிருந்தேன்."

டிரைவரின் கை எழுந்தது. அடிக்கத்தான் எழுந்திருக்க வேண்டும். காவலரும் அப்படித்தான் நினைத்து, நகராமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆனால் கை பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டது. டிரைவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காவலர் சாவிக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "இப்பப் போய் மாத்திடவா அண்ணே?"

"வேண்டாம்," என்றார் டிரைவர். "துறைக்காரங்க வந்து இந்த இருட்டைப் பாக்கட்டும். பாத்து எழுதட்டும். அதுக்கு அப்புறம் மாத்துங்க."

உள்ளூர்ப் படகுகளுக்கு அந்த முனை அத்துப்படி. வெளிக் கப்பல் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். ஒரு மாதத்துக்குள் வந்து பார்த்துவிடுவார்கள்தானே என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஏழு மனுக்களுக்குப் பிறகு துறை நேரடி ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது. தலைமைத் திருத்தாளர் இரண்டு உதவியாளர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். காலை பதினொரு மணி. மூவரும் தொப்பி போட்டுக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. "பகலில் விளக்கு எரியாது என்ற நூலின் கூற்று சரியாக உள்ளது" என்று உதவியாளர் எழுதினார்.

"சாயந்தரம் வரை இருந்து பாருங்க சார்," என்று கெஞ்சினார் டிரைவர்.

"ஆபீஸ் நேரம் அஞ்சு மணியோட முடியுது பெரியவரே. அதுக்கு மேல பாத்தா அது எங்க சொந்தப் பார்வை. துறையோட பார்வை ஆகாது." காவலர் குறுக்கே வந்து, தான் சாட்சி என்றார். தலைமைத் திருத்தாளர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "இங்க யாரும் இல்லைன்னு பதிவாகியிருக்கு. நீங்க சொல்றதை நான் எங்கேர்ந்து வந்ததா எழுதறது?"

இன்னும் நான்கு மனு போட்டபின், கூடுதல் நேர அனுமதி வந்தது. தேதி குறித்தார்கள். மாலை ஆறரை மணி.

அன்று டிரைவர் மதியமே போய்விட்டார். அவர் மனைவி வாசல் வரை வந்து, "எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. பாப்பா மேல தப்பில்லைன்னு ஒரு வரி போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மாலையில் மழை பிடித்தது. ஆறே கால் இருக்கும், கரை ரோட்டில் ஜீப்பின் விளக்கு தூரத்தில் வளைந்து வளைந்து வருவது தெரிந்தது. கோபுரம் கும்மிருட்டாக நின்றது. டிரைவருக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சில் லேசாக ஒரு தெம்பு வந்தது. அந்த இருட்டு அவர் மகளுக்காகப் பேசப்போகிறது.

அப்போது காவலர் அவர் தோளைத் தொட்டார். கடல் பக்கம் காட்டினார்.

மழைக்குள் இரண்டு சின்ன வெளிச்சம். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"கப்பலா?"

"கப்பல்தான். ஒரு கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை அண்ணே. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா விலகிப் போகுதுன்னு அர்த்தம். ரெண்டும் தெரிஞ்சா..."

டிரைவருக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. எதிரே வருகிற வண்டியின் இரண்டு விளக்கும் நேராகக் கண்ணில் அடித்தால் என்ன அர்த்தம் என்று முப்பத்தோரு வருஷமாகத் தெரியும்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள திருப்பலைன்னா திருப்பியும் பிரயோஜனமில்லை."

ஜீப் வர இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும். டிரைவர் ரோட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். அந்தக் கப்பலின் பிரிட்ஜில் யாராவது, 'சார், எனக்கென்னவோ சரியாப் படலை' என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அதற்கு இன்னொருவர் புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். காவலரின் கையிலிருந்த சாவிக் கொத்தைப் பிடுங்கி, டிரைவரே போய்க் கதவைத் திறந்தார்.

"ஏறுய்யா!" என்று கத்தினார். "ஏறு, ஏறு!"

நூற்றுப் பன்னிரண்டு படி. காவலர் முன்னால் ஓட, டிரைவர் மூட்டுவலியோடு பின்னால் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் காவலர் பழைய பல்பைக் கழற்றினார்; டிரைவர் பெட்டியிலிருந்து புதியதை எடுத்து நீட்ட, அது மரையில் ஏறியது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒன்று, இரண்டு. பிறகு இருட்டு. மறுபடி ஒன்று, இரண்டு.

கீழே, மழையில், பச்சையும் சிவப்பும் அப்படியே நின்றன. டிரைவர் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, "திருப்புங்கடா, திருப்புங்கடா கண்ணுங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பச்சை மங்கியது. மறைந்தது. சிவப்பு மட்டும் மெதுவாக நகர்ந்து போயிற்று.

அவர்கள் இறங்கி வந்தபோது தலைமைத் திருத்தாளர் குடைக்குள் நின்று, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். "பத்து வினாடிக்கு ரெண்டு. அச்சு அசலா நம்ம புஸ்தகத்துல இருக்கிற மாதிரி." அவருடைய கண் கலங்கியிருந்தது. "எத்தனை வருஷமா எழுதியிருக்கேன். முதல் தடவையா கண்ணால பாக்கறேன்."

"சார், இப்பத்தான் நாங்க போட்டோம். ஒரு கப்பல் வந்தது, வேற வழியில்லை. இவ்வளவு நாளும் அணைஞ்சுதான் கிடந்தது."

"நாங்கன்னா?"

"இவரும் நானும்."

"பெரியவரே." அவர் குரல் மிகவும் கனிவாக இருந்தது. "இது ஆளில்லா விளக்கு. இதை யாரும் போட முடியாது. உங்க மனசு எனக்குப் புரியுது. பெத்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். இதோட விட்டுடுங்க."

விளக்கு நூலின்படியே எரிகிறது என்று உதவியாளர் எழுதிக்கொண்டார். டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். ஊதாப் பேனா.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னார். மனைவி முழுவதும் கேட்டாள்.

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"கப்பல்ல இருந்தவங்க போயிருப்பாங்க."

"யாரு பெத்த பிள்ளைங்களோ."

"ஆமா."

"எம் பிள்ளை பேரு?"

அவள் எட்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், துணி மடித்தாள், பேசவில்லை. ஒன்பதாம் நாள் தபாலில் ஒரு கனமான பொட்டலம் வந்தது. கரைவழிக் கையேடு, புதிய பதிப்பு, தலைமைத் திருத்தாளரின் அன்பளிப்பு. இடையே ஒரு பக்கத்தில் காகிதத்துண்டு வைத்திருந்தார்கள். எழுத்தரம்மாவின் கையெழுத்தில், "இதைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "படிங்க."

"புதிதாகச் சேர்க்கப்பட்டது. மூழ்கிய கப்பல். முனை விளக்கிலிருந்து தென்கிழக்கே முக்கால் கடல் மைல். ஆழம் இருபத்தோரு மீட்டர். பெருவற்றத்தின்போது மட்டும் கொடிமரத்தின் நுனி தெரியும்."

"பேரு?"

"கப்பல் பேரு கூட இல்லை. இடம் மட்டும்தான்."

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். மூன்றாம் தடவை படித்தபோது அவள் உதடும் கூடவே அசைந்தது. முக்கால் மைல். இருபத்தோரு மீட்டர்.

"பெருவற்றம்னா என்ன?"

"தண்ணி ரொம்ப இறங்கிப் போற நேரம். மாசத்துக்கு ரெண்டு தடவையோ என்னவோ."

"அப்போ அந்த நேரத்துக்குப் போய் நின்னா, கரையிலேர்ந்து தெரியுமா?"

"தெரியலாம்."

"எப்போன்னு இதுல போட்டிருக்கா?"

அவர் புரட்டிப் பார்த்தார். "அது இதுல வராது. அதுக்குன்னு தனியா ஒரு புஸ்தகம் இருக்கு."

மறுநாள் காலை டிரைவர் முதல் பஸ் பிடித்து அதே ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் போனார். கீழே விற்பனை ஜன்னல். ஏற்றவற்றப் பட்டியல் ஒரு பிரதி வேண்டும் என்றார்.

"தனி ஆளுங்களுக்குத் தர்றதில்லை," என்றார் ஜன்னலில் இருந்தவர், பேரேட்டிலிருந்து நிமிராமல். "கப்பலுக்கு மட்டும்தான். எந்தக் கப்பல்?"

டிரைவர் மகளின் கப்பல் பெயரைச் சொன்னார். ஜன்னலில் இருந்தவர் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு, புத்தகத்தை எடுத்து வெளியே நீட்டினார்.